டெபியன் 13 அடிப்படையிலான டிஸ்ட்ரோவுக்கு இயல்பு டெஸ்க்டாப் எது: க்னோமா, எக்ஸ்எஃப்சிஈயா, பிளாஸ்மாவா?

கணிமேடை:

வணக்கம். டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாக வைத்து, லைவ்-பில்ட் என்ற இமேஜ் கட்டும் கருவி கொண்டு ஒரு சிறு டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) தயாராகி வருகிறது. புதிய நிரல் எதுவும் எழுதப்போவதில்லை. டெபியனின் பேக்கேஜ்களையே எடுத்து, தமிழ் எழுத்துரு, தமிழ்99 தட்டச்சு, லிப்ரெஓஃபிஸ், பயர்பாக்ஸ் எல்லாம் முதல் பூட்டிலேயே ஒழுங்காக இயங்கும்படி செய்வதுதான் வேலை. நூலகங்கள், தட்டச்சுப் பயிற்சி மையங்கள், சிறு அச்சகங்கள் ஆகியவற்றுக்கானது.

கணினிகள் பெரும்பாலும் 2013 முதல் 2019 வரை வாங்கியவை: 4 ஜிபி ரேம், 1366×768 திரை, பாதிக்கு மேல் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க். மிச்சம் 8 ஜிபி ரேமும் 14 அங்குல 1920×1080 திரையும் கொண்ட மடிக்கணினிகள். 32-பிட் கணினிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. டெபியன் 13-இல் அவற்றுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

குழுவில் மூன்று கருத்துகள் இருக்கின்றன. டெபியனின் இயல்பு க்னோம், அதை ஏன் மாற்ற வேண்டும் என்பது ஒன்று. 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஈதான் என்பது இன்னொன்று. விண்டோஸ் பழகியவர்களுக்கு பிளாஸ்மாதான் கைக்கு வரும் என்பது மூன்றாவது. எதை வைத்து முடிவெடுப்பது? மூன்றையும் ஒரே ஐஎஸ்ஓவில் (நிறுவல் இமேஜ் கோப்பில்) போட்டு, நுழையும்போது தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டால் என்ன?

பொதிகட்டி:

எந்த டெஸ்க்டாப் நல்லது என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். இயல்பு என்பது அதை ஒருபோதும் மாற்றாதவருக்கானது. மாற்றத் தெரிந்தவர் எதை வைத்தாலும் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வார். ஆகவே கேட்க வேண்டியது: மாற்றத் தெரியாதவர் எங்கே சிக்கி நின்றுவிடுவார்?

டெபியனே இதில் முன்னும் பின்னும் நடந்திருக்கிறது. 2012 ஆகஸ்டில், வீஸி (டெபியன் 7) வெளியீட்டுக்கு முன், முதல் சிடியில் க்னோம் அடங்கவில்லை என்ற காரணத்தால் டாஸ்க்செல் என்ற நிறுவல் தேர்வு நிரலில் இயல்பை எக்ஸ்எஃப்சிஈ ஆக்கினார்கள். வெளியீட்டுக்கு முன்பே க்னோமுக்குத் திரும்பினார்கள். 2013 நவம்பரில் மறுபடி எக்ஸ்எஃப்சிஈ, ஜெஸ்ஸிக்காக (டெபியன் 8). 2014 செப்டம்பரில் மறுபடி க்னோம். இந்தக் கடைசி மாற்றத்துக்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று அணுகல் வசதி, இன்னொன்று சிஸ்டம்டி என்ற சேவை மேலாளரோடு க்னோம் ஒட்டியிருந்த விதம். அழகோ, நினைவக அளவோ முன்னே நிற்கவில்லை.

அணுகல் வசதியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நூலகம் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். பார்வையற்ற வாசகர் ஒருவர் அங்கே வந்து உட்காரத்தான் போகிறார். க்னோமில் சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். நுழைவுத் திரையிலும் அப்படியே. க்னோம் 48-இல் வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறையின் கீழ் ஓர்காவின் விசைகள், கேப்ஸ்லாக்கை ஓர்கா விசையாக வைப்பது உட்பட, ஒழுங்காக வேலை செய்கின்றன. டெபியன் 13-இல் இருப்பது அந்த 48-தான். ஈஸ்பீக்-என்ஜி என்ற பேச்சு நிரலில் தமிழ்க் குரலும் உண்டு. இயந்திரக் குரல்தான், ஆனால் புரியும்.

எக்ஸ்எஃப்சிஈயை எடுத்தாலும் இதைச் செய்ய முடியும், நீங்கள் கையால் கட்ட வேண்டும். லைட்டிஎம் என்ற நுழைவு மேலாளரின் ஜிடிகே நுழைவுத்திரை கான்ஃபிக் கோப்பில் ரீடர் என்ற வரிக்கு ஓர்கா என்று கொடுங்கள். இண்டிகேட்டர் வரிசையில் அணுகல் குறி இருக்கிறதா பாருங்கள். அமர்வுக்குள் அணுகல் அமைப்பில் உதவித் தொழில்நுட்பங்களை இயக்கி, ஓர்காவுக்கு அதே சூப்பர்-ஆல்ட்-எஸ் குறுக்குவழியைக் கட்டுங்கள். இந்த வேலையை ஏற்க ஆள் இல்லையென்றால் எக்ஸ்எஃப்சிஈயை இயல்பாக வைக்காதீர்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

விசைமரம்:

தமிழ்த் தட்டச்சு உங்கள் டிஸ்ட்ரோவின் உயிர்நாடி என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் இது மாறும்.

முதலில் ஒரு பொறி. எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்பின் பட்டியலிலேயே தமிழ்நெட்99 இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்கேபியில் ஒரு விசைக்கு ஒரு குறி என்பதற்கு மேல் சூழல் தெரியாது. தமிழ்99-இன் விதிகளோ சூழல் சார்ந்தவை: ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வர வேண்டும், ங, ஞ, ந, ண, ம, ன இவற்றுக்குப் பின் அவற்றின் இன வல்லினம் வந்தால் முன்னதற்குப் புள்ளி விழ வேண்டும். தட்டச்சு மையத்தில் பழகியவர் 'பந்து' என்று அடிக்கும்போது புள்ளியைத் தனியாகத் தட்ட மாட்டார். ஆகவே ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு முறை நிரல், அதன் கீழ் எம்17என் என்ற தட்டச்சு விதித் தொகுப்பு, இதுதான் வழி.

க்னோமில் ஐபஸ் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. எம்17என் தரவுத்தள பேக்கேஜ், ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் இரண்டும் இருந்தால், டிகான்ஃப் என்ற அமைப்புத் தரவுத்தளத்தில் க்னோமின் உள்ளீட்டு மூலங்கள் என்ற விசையில் அமெரிக்க ஆங்கில எக்ஸ்கேபி ஒன்று, எம்17என்-தமிழ்-தமிழ்99 ஒன்று என இரண்டைக் கொடுத்தால் போதும். சூப்பர்-ஸ்பேஸ் அடித்தால் மாறும். வேலண்டிலும் இதேதான். இந்த விஷயத்தில் க்னோமே மிகச் சுலபம்.

எக்ஸ்எஃப்சிஈயில், எக்ஸ்11 என்ற பழைய திரைக்காட்சி முறையின் அமர்வில், ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவி மூலம் ஐபஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஜிடிகே, கியூடி என்ற இரண்டு இடைமுக நூலகங்களுக்குமான சூழல் மாறிகளை அமர்வு தொடங்கும்போது வைக்கும். இங்கே மூலங்கள் க்னோமின் விசையில் இல்லை. ஐபஸின் சொந்த ப்ரீலோட்-எஞ்சின்ஸ் விசையில் கொடுக்க வேண்டும். க்னோமுக்கு எழுதிய அமைப்பை அப்படியே எக்ஸ்எஃப்சிஈ இமேஜுக்குக் கொண்டுவந்தால் ஆங்கிலம் மட்டுமே நிற்கும், பிழைச் செய்தி ஏதும் வராது.

பிளாஸ்மா வேலண்டில் கதை வேறு. உள்ளீட்டு முறையைப் பிளாஸ்மாவின் சன்னல் மேலாளர் கேவின்தான் தொடங்க வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற இடத்தில் எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுப்பது அதற்காகத்தான். திரை விசைப்பலகை என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. கூடவே ஐஎம்-கான்ஃபிக் வைக்கும் மாறிகள் குறுக்கே நிற்கும்: பரிந்துரைப் பெட்டி கர்சரிலிருந்து தள்ளி எங்கோ தோன்றும். ஐஎம்-கான்ஃபிக்கை 'நன்' என்று வைத்து அவற்றை எடுத்துவிடுங்கள். ஒரு முறை சரிசெய்தால் நன்றாகவே ஓடும். அந்த ஒரு முறையை எந்தப் பயனரிடமும் விடாமல் நீங்களே இமேஜில் செய்துவிட வேண்டும்.

எந்த டெஸ்க்டாப்பாக இருந்தாலும் இன்னொன்று. இமேஜைச் சுருக்க லைவ்-பில்டில் பரிந்துரை பேக்கேஜ்களை நிறுத்தி வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் ஐபஸின் ஜிடிகே 3, ஜிடிகே 4 இணைப்புப் பேக்கேஜ்கள் விடுபட்டுப்போகும். அப்போது எக்ஸ்11-இல் டெர்மினலிலும் பயர்பாக்ஸிலும் தமிழ் வராது அல்லது அரைகுறையாக வரும். நிறுத்துவதாக இருந்தால் அந்த இரண்டையும், நோட்டோ எழுத்துருக்களின் கோர் பேக்கேஜையும் பட்டியலில் பெயர் சொல்லிச் சேருங்கள்.

நாலுஜிபி:

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்த கணினியில் க்னோமை இயல்பாக வைப்பது அந்தப் பயனருக்கு நியாயமில்லை.

வெறும் டெஸ்க்டாப்பின் அளவில் க்னோமுக்கும் எக்ஸ்எஃப்சிஈக்கும் உள்ள வித்தியாசம் சுமாராக அரை ஜிபி. 16 ஜிபி கணினியில் அது ஒன்றுமில்லை. 4 ஜிபியில், கர்னலும் உள்ளமை கிராஃபிக்ஸும் தங்கள் பங்கை எடுத்தபின், பயர்பாக்ஸில் ஐந்தாறு டேப்களும் ஒரு லிப்ரெஓஃபிஸ் கோப்பும் திறந்தால், ஸ்வாப்புக்குள் (ரேம் போதாதபோது பயன்படும் மாற்று இடம்) போவதா வேண்டாமா என்பதை அந்த அரை ஜிபிதான் தீர்மானிக்கும். ஸ்வாப் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அதோடு கணினி நின்றது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பூட் ஆனவுடன் பார்க்காதீர்கள். நுழைந்து ஐந்து நிமிடம் விட்டு, ஃப்ரீ கட்டளையில் 'அவைலபிள்' என்ற நிரலைப் பாருங்கள். 'யூஸ்ட்' நிரலை வைத்து ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும். அதோடு, முதல் நுழைவில் க்னோமின் லோக்கல்சர்ச் கோப்புகளை அட்டவணைப்படுத்தும், க்னோம் சாஃப்ட்வேர் பின்னணியில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும். ஹார்ட் டிஸ்கில் இந்தச் சில நிமிடங்கள்தான் 'இது மெதுவானது' என்ற தீர்ப்பை எழுதிவிடும். பிளாஸ்மாவில் பாலூ என்ற அட்டவணை நிரலும் அப்படியே. அதை முடக்கி வைக்கலாம்.

கிராஃபிக்ஸும் பாருங்கள். க்னோமின் சன்னல் மேலாளர் மட்டர், ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகம் இல்லாமல் இயங்காது. சரியான இயக்கி கிடைக்காத கணினியில் எல்எல்விஎம்பைப் வழியாக சிபியூவே படம் வரையும். சன்னலை நகர்த்தினாலே சிபியூ முழுதாக ஏறும். எக்ஸ்எஃப்சிஈயில் கம்போசிட்டரை (சன்னல்களை ஒன்றுசேர்த்து வரையும் பகுதி) அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம். உங்கள் 2013க்குப் பிந்தைய கணினிகளில் அணைக்கத் தேவை வராது. அணைத்தால் வீடியோவில் படம் குறுக்கே கிழிந்து தெரியும். ஆகவே இயல்பில் இயங்கட்டும்.

எதைத் தேர்ந்தாலும் செய்ய வேண்டியது: இஸட்ரேம்-டூல்ஸ் பேக்கேஜ். அதன் கான்ஃபிக்கில் அல்காரிதம் இஸட்எஸ்டிடி, அளவு 50 சதவீதம். 4 ஜிபி கணினியில் 2 ஜிபி அழுத்தப்பட்ட ஸ்வாப் ரேமிலேயே கிடைக்கும். முடிந்தால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். டெஸ்க்டாப்பை மாற்றுவதைவிட அதில் கிடைக்கும் வேகம் பல மடங்கு. நிறுவல் வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வையுங்கள்.

எக்ஸ்எஃப்சிஈயின் பலவீனம் 14 அங்குல 1920×1080 திரை. அங்கே 125 சதவீதப் பெரிதாக்கம் வேண்டும். எக்ஸ்எஃப்சிஈயில் முழு எண் அளவுதான் ஒழுங்காக இருக்கும். அதற்கு மாற்று, தோற்ற அமைப்பில் எழுத்துரு டிபிஐயை 96-இலிருந்து 120 ஆக்குவது. எழுத்து சரியாக 1.25 மடங்கு ஆகும். பேனல் உயரத்தையும் அதே அளவு கூட்டுங்கள். இல்லையென்றால் கீழ்நோக்கி நீளும் தமிழ் எழுத்துகள் வெட்டுப்படும்.

எல்எக்ஸ்கியூடி என்ற டெஸ்க்டாப் இன்னும் இலேசு. ஆனால் பொதிகட்டி சொன்ன அணுகல் வசதியை அதில் கட்டுவது எக்ஸ்எஃப்சிஈயைவிடக் கடினம்.

கணிமேடை:

மிக்க நன்றி. இரண்டு ஐயம். ஒன்று, எல்லாவற்றையும் ஒரே ஐஎஸ்ஓவில் போடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு, எக்ஸ்11 முடியப்போகிறது என்கிறார்களே, இப்போது எக்ஸ்எஃப்சிஈயை எடுத்தால் இரண்டு வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டி வருமா?

பொதிகட்டி:

ஒரே ஐஎஸ்ஓவில் மூன்று வேண்டாம். இரண்டும் வேண்டாம்.

முதலில் நுழைவு மேலாளர். க்னோமின் ஜிடிஎம், லைட்டிஎம் இரண்டும் சேர்ந்து வந்தால் எது இயல்பு என்று டெபியனின் நிறுவல் கேள்வி நிரல் டெப்கான்ஃப் கேட்கும். இமேஜ் கட்டும்போது பதில் சொல்ல ஆளில்லை. அது தானே ஒன்றை வைத்துக்கொண்டு போய்விடும், பேக்கேஜ் வரிசை மாறினால் அடுத்த கட்டலில் வேறொன்று வரலாம். அடுத்து, அமர்வுக்குள் போனால் இரண்டு டெர்மினல், இரண்டு கோப்பு மேலாளர், இரண்டு அமைப்பு நிரல். மெனுவில் எது எதற்கு என்று பயனருக்குத் தெரியாது. இரண்டு அறிவிப்புச் சேவைகள், இரண்டு பாலிசிகிட் ஏஜெண்டுகள் (நிர்வாக அனுமதி கேட்கும் நிரல்கள்), இரண்டு கடவுச்சொல் பெட்டகங்கள். நிரல்களுக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையே நிற்கும் எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டலின் பின்தளங்கள் பல இருந்தால் தவறானது எழும்பி, கோப்பு திறக்கும் பெட்டி வர நேரமெடுக்கும், திரைப் பகிர்வு வேலை செய்யாது. அளவும் ஏறும்: ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற அழுத்திய இமேஜ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 யூஎஸ்பியில் நகலெடுக்கவே முடியாது.

இதெல்லாம் போக, சோதனை. ஒரு டெஸ்க்டாப்புக்குத் தட்டச்சு, அச்சுப்பொறி, புரொஜெக்டர், உறங்கி எழுதல், ஓர்கா, மேம்படுத்தல் என ஆறு சோதனை வைத்தால், மூன்றுக்குப் பதினெட்டு, அதுவும் ஒவ்வொரு வகைக் கணினியிலும். சிறு குழு அதைச் செய்யாது. சோதிக்காததை இயல்பாகக் கொடுப்பது தவறு. இரண்டாவது டெஸ்க்டாப் வேண்டுமென்றால் தனி ஐஎஸ்ஓ, தனிப் பட்டியல் கோப்பு, தனிப் பெயர்.

எக்ஸ்11 பற்றி: க்னோம் 49-இல், 2025 செப்டம்பரில், எக்ஸ்11 அமர்வை இயல்பாக முடக்கிவிட்டார்கள். பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரியிலிருந்தே வேலண்டை இயல்பாக வைத்திருக்கிறது. எக்ஸ்எஃப்சிஈ 4.20-இல், அதாவது டெபியன் 13-இல் உள்ளதில், வேலண்ட் அமர்வு சோதனை நிலைதான்: அதன் சொந்த சன்னல் மேலாளர் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 இன்னும் வேலண்டுக்கு மாறவில்லை, லேப்டபிள்யூசி போன்ற வேறொன்றின் மேல் ஓட்ட வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. டெபியன் 13 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருட முழு ஆதரவு, அதன்பின் இரண்டு வருட நீண்டகால ஆதரவு. அந்த ஐந்து வருடமும் அதிலுள்ள எக்ஸ் சர்வரும் எக்ஸ்எஃப்சிஈ 4.20-உம் அப்படியே இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு வெளியீட்டுக்கான இயல்பு. அடுத்த வெளியீட்டில் மறுபடி கேளுங்கள், ஆனால் ஏற்கெனவே நிறுவியவரின் டெஸ்க்டாப்பை மேம்படுத்தலின்போது மாற்றாதீர்கள். புதிய நிறுவலுக்கு மட்டும்.

அமர்வுப் பட்டியலில் எக்ஸ்எஃப்சிஈ வேலண்ட் தெரிந்தால் அந்தக் கோப்பை வெறுமனே அழிக்காதீர்கள். பேக்கேஜ் புதுப்பித்தவுடன் திரும்பி வரும். டிபிகேஜி-டைவர்ட் என்ற டெபியன் கருவி கொண்டு ஒதுக்குங்கள். லைட்டிஎம்மின் கான்ஃப்.டி கோப்புறையில் யூசர்-செஷன் எக்ஸ்எஃப்சிஈ என்று ஒரு வரியும் சேருங்கள்.

நீலச்சக்கரம்:

பிளாஸ்மா பக்கம் ஒருவராவது பேச வேண்டும். 8 ஜிபி மடிக்கணினிகளுக்கு, அதுவும் வெவ்வேறு அடர்த்தியுள்ள இரண்டு திரைகளோடு வேலை செய்யும் அச்சகத்துக்கு, பிளாஸ்மாதான் சரி. திரைக்குத் திரை தனி அளவு, 125 சதவீதம் உட்பட, வேலண்டில் நேராக வருகிறது. நூலகக் கணினியில் பேனலை யாரும் கலைக்காமல் இருக்க, கான்ஃபிக் கோப்பில் அந்தப் பகுதியின் பெயருக்குப் பின் டாலர்-ஐ அடையாளத்தைச் சேர்த்தால் பூட்டிவிடும். இவ்வளவு நுணுக்கமாக அமைப்புகளைப் பூட்டும் வசதி எக்ஸ்எஃப்சிஈயிலும் ஓரளவு உண்டு, ஆனால் பிளாஸ்மாவில் பரப்பு அதிகம். 4 ஜிபி ஹார்ட் டிஸ்க் கணினிகள் பாதிக்கு மேல் என்பதால் அதை உங்கள் முதல் இயல்பாக வைக்கச் சொல்ல மாட்டேன்.

கணிமேடை:

அப்படியானால் இப்படிப் போகிறோம். முதன்மை ஐஎஸ்ஓ எக்ஸ்எஃப்சிஈ, எக்ஸ்11, ஐபஸ், லைட்டிஎம். ஓர்கா வேலையை ஒருவர் பொறுப்பேற்றாயிற்று. அது முடியாமல் வெளியீடு இல்லை. 8 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத் தனி ஐஎஸ்ஓவாக க்னோம். பிளாஸ்மா இப்போதைக்கு இல்லை. டெபியன் களஞ்சியத்திலிருந்து போட்டுக்கொள்ளும் வழியை மட்டும் எழுதுகிறோம். அமைப்புகளை எல்லாம் ஸ்கெல் கோப்புறையில் போட்டிருக்கிறோம். சரிதானே?

விசைமரம்:

ஸ்கெல்லில் வேண்டாம். ஸ்கெல் என்பது பயனர் கணக்கு உருவாகும் நொடியில் எடுக்கும் நகல். அடுத்த மாதம் நீங்கள் ஒரு பிழையைத் திருத்தினால், ஏற்கெனவே உள்ள கணக்குகளுக்கு அது போகாது. பயனர் தானே மாற்றியது எது, நீங்கள் வைத்தது எது என்றும் பிரித்தறிய முடியாமல் போகும்.

எக்ஸ்எஃப்சிஈ அமைப்புகளை ஈடிசி-எக்ஸ்டிஜி-எக்ஸ்எஃப்சிஈ4-எக்ஸ்எஃப்கான்ஃப் வரிசையில் உள்ள பெர்சேனல் எக்ஸ்எம்எல் கோப்புறையில் வையுங்கள். ஐபஸ் அமைப்பு எக்ஸ்எஃப்சிஈயிலும் டிகான்ஃபில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதற்கு ஈடிசியில் டிகான்ஃபின் லோக்கல்.டி கோப்புறையில் ஒரு விசைக்கோப்பு. கூடவே ப்ரொஃபைல் கோப்புறையில் 'யூசர்' என்ற பெயரில் ஒரு கோப்பு, அதில் முதல் வரி பயனர் தரவுத்தளம், இரண்டாவது வரி லோக்கல் என்ற சிஸ்டம் தரவுத்தளம். டெபியனில் இந்த ப்ரொஃபைல் கோப்பு தானாக இருக்காது. நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

பிறகு டிகான்ஃப் அப்டேட் கட்டளையை லைவ்-பில்டின் க்ரூட் ஹூக்கில் (இமேஜ் கட்டும்போது அதற்குள் ஓடும் ஸ்கிரிப்ட்) ஓட்டுங்கள். அதை ஓட்டாவிட்டால் விசைக்கோப்பு வெறும் உரையாகவே கிடக்கும். சோதிக்க: புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து நுழைந்து, சூப்பர்-ஸ்பேஸ் அடித்து, டெர்மினல், பயர்பாக்ஸ் முகவரிப் பட்டை, லிப்ரெஓஃபிஸ் ரைட்டர் மூன்றிலும் 'அம்மா', 'பந்து', 'கற்றல்' என்ற மூன்று சொற்களை அடித்துப் பாருங்கள். ரைட்டரில் மட்டும் வரவில்லையென்றால் லிப்ரெஓஃபிஸின் ஜிடிகே 3 இணைப்புப் பேக்கேஜ் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.